மனுவில் மழை எதற்கு

சனிக்கிழமை மத்தியானம் சோனா வந்து இறங்கியபோது அவளிடம் மூன்று பைகள் இருந்தன. பாலக்காட்டில் பாலிடெக்னிக் விடுதியில் தங்கி எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்கிற பெண், வாரக் கடைசியில் கோவிந்தாபுரத்துச் சித்தி ஆனந்தியின் வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு அழுக்குத் துணிப் பையோடு வருவாள். திங்கட்கிழமை காலையில் துவைத்த துணியும் ஒரு டப்பா ஊறுகாயுமாகத் திரும்பிப் போவாள். இந்தத் தடவை தலையணையும் கூடவே வந்திருந்தது.

"என்ன கண்ணு, ஆஸ்டலையே தூக்கிட்டு வந்துட்டயா?" என்றான் கோகுல்நாத். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். "தலகாணி வேற. எங்கூட்டுத் தலகாணி அம்மிணிக்கு ஆகலீங்களாக்கும்?"

சோனா சிரிக்கவில்லை. "எஸ்டேட்டுக்குப் போறேன் சித்தப்பா. அம்மாவுக்கு ஆகஸ்ட்டோட ரிட்டையர்மென்ட். நான் பேர் குடுக்கப் போறேன்."

உள்ளே மேசையில் நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆனந்தி பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

பேர் கொடுப்பது என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மூணாறுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரு லயத்தில் எட்டு வீடு. வீட்டுக்கு ஒரு முன்னறை, ஓர் அடுப்படி. வீடு கம்பெனியுடையது. கம்பெனிப் பதிவேட்டில் யாருடைய பேர் இருக்கிறதோ அவருக்கு அந்த வீடு. ஐம்பத்தெட்டு வயது முடிந்ததும் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாவியை ஒப்படைத்த பிறகுதான் பணிக்கொடையான கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வரும். நாற்பது வருடம் சுண்ணாம்பு அடித்து, பின்பக்கம் கோழிக்கூடு கட்டி, வாசலில் டாலியா வளர்த்த வீட்டை விட்டு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தேயிலை, அதற்கு மேலே காடு. டவுனில் வாடகைக்குப் போகலாம் என்றால் அங்கே வாடகை சுற்றுலாப் பயணிகளின் கணக்கில் ஏறிக் கிடக்கிறது. அதனால் வயதாகிறவர் தன் பேர் வெட்டப்படுவதற்குள் பிள்ளைகளில் ஒருவரைப் பதிவேட்டில் சேர்த்துவிடுவார். வீடு தங்கிவிடும். இதுதான் பேர் கொடுப்பது. வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் மூன்று பேர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரு பிள்ளை மலையில் நிற்க வேண்டும்.

ஆனந்தியின் வீட்டில் அப்படி நின்றவள் அவளுடைய அக்கா, சோனாவின் அம்மா ராமுத்தாய். நாற்பது வருடத்துக்கு முன்னால், தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அம்மாவால் இனி மலையேற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வாரமே ராமுத்தாய் பேர் கொடுத்தாள். அப்போது ஆனந்திக்கு ஆறு வயது. வீடு நிலைத்ததால் அவள் படித்தாள், கோயம்புத்தூரில் கல்லூரி, கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை வேலை, தென்னந்தோப்புக்காரக் குடும்பத்து கோகுல்நாத்தோடு காதல் கல்யாணம். இதற்கு நடுவில் மூன்று சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் எழுதினாள்.

அந்தக் கதைகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை, அக்கா பேர் கொடுக்கப் போன நாளைப் பற்றியது. மழைக் காலை. தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு அக்கா ஆபீசுக்குக் கிளம்புகிறாள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, நீ படி என்கிறாள். வளைவில் திரும்பும்போது தங்கையைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறாள். அந்தச் சிரிப்போடு கதை முடிகிறது. மலையாளத்தில் அதை மொழிபெயர்த்து ஒரு வார இதழில் போட்டார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, அந்தக் கதையை வாசித்து அழுதேன் என்பார். ஆனந்தி அதை நன்றிக்காகவே எழுதினாள். அந்த நன்றியில் பொய் எதுவும் இல்லை.

"மூணாவது வருசம் இப்பத்தான் தொடங்கியிருக்கு. இப்பப் போய்ப் பேர் குடுக்குறேங்குற?" என்றாள் ஆனந்தி. "அம்மா வரச் சொன்னாளா?"

"அம்மாவுக்குத் தெரியாது. செவ்வாக்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை இருக்கு. என் பரீட்சை முடியிற வரைக்கும், ஒம்பது மாசம் வீட்டுல இருந்துக்கிறோம்னு யூனியன் வேல்முருகன் மாமா மனு போட்டிருக்காரு. கம்பெனி ஒத்துக்காது. ஒத்துக்கலைன்னா மறுநாளே நான் கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போகணும், அப்பத்தான் ஆகஸ்ட்டுக்குள்ள பேர் ஏறும். அம்மாவை லாரியில சாமானோட ஏத்திவிட்டுட்டு நான் இங்க சர்க்யூட் வரைஞ்சுக்கிட்டு இருக்கணுமா?"

"அதுக்காக..."

"நீங்களே எழுதியிருக்கீங்கள்ல சித்தி. அம்மா சிரிச்சுக்கிட்டே போனாங்கன்னு. அம்மாவால முடிஞ்சா என்னால முடியாதா?"

ஆனந்தி தலையணையைப் பார்த்தாள். தன் கதையை ஒருத்தி வாசித்து அழுவதைப் பார்த்திருக்கிறாள். வாசித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதை இப்போதுதான் பார்க்கிறாள்.

கோகுல்நாத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எங்கூட்ல தாத்தன் தோப்பை அப்பனுக்கு உட்டாரு, அப்பன் எனக்கு உட்டாரு. நான் பன்னெண்டாவதுல ரெண்டு தடவை கோட்டை உட்டும் யாரும் என்னை ஊட்டை உட்டுப் போடான்னு சொல்லலீங்க. உங்கூட்டுல பாரு, புள்ளைக்கு வேலையை இல்ல உட்டுட்டுப் போறாங்க. நீயும் போயிட்டு வா அம்மிணி. ஸ்கூலுக்கு நான் லீவு சொல்லிக்கறேன்."

மறுநாள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று பஸ் மாறிப் போனார்கள். சோனா வழியெல்லாம் தூங்கினாள். ஆனந்தி தூங்கவில்லை. பதினான்கு வயதில் ரேஷன் கார்டு தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. புக் கிடைத்தது அவளுக்கு நினைவிருந்தது. திறந்து பார்த்தாள், பாஸ். மூடிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். கதை எழுதும்போதும் அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. அதைக் கதைக்குள் விட்டிருந்தால் படிப்பு ஏறவில்லை என்ற வரி நின்றிருக்காது. வளைவில் வரும் சிரிப்பும் நின்றிருக்காது. அதனால் விடவில்லை.

ராமுத்தாய் மூன்று பைகளையும் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "யாரைக் கேட்டு மூட்டையைக் கட்டுன? ஏ ஆனந்தி, நீயும் கூட வந்து நிக்குற! டீச்சர்னு பேரு, ஒரு புள்ளையைப் புடிச்சு ஒக்கார வைக்கத் துப்பில்ல."

"அக்கா, நான் சொல்லத்தான்..."

"சொல்லு, சொல்லு. மொதல்ல காப்பியைக் குடி. ரெண்டு பேரும் மூஞ்சியப் பாருங்க, மலை ஏறி வந்த ஆடு மாதிரி."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டவுனில் இருக்கும் லேபர் ஆபீசில் விசாரணை. அதிகாரியின் பெயர் பின்சி. கோட்டயத்துக்காரி, எஸ்டேட் பெண்களிடம் பேசிப் பேசித் தமிழும், மனுக்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் எழுத்தும் கற்றுக்கொண்டவள். யூனியன் செயலாளர் வேல்முருகன் மனுவின் நகலோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பில், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் ஜோமோன் வந்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மேடம், நான் உங்க கதையோட பெரிய ஃபேன்" என்றான். அவன் கையில் அந்த வார இதழின் ஜெராக்ஸ் இருந்தது.

விசாரணை தொடங்கியதும் அவன் அதைத்தான் எடுத்தான்.

"மேடம், கம்பெனி யாரையும் கட்டாயப்படுத்தல. பேர் குடுக்குறது இவங்க வழக்கம். குடும்பத்துல ஒருத்தர் மத்தவங்களுக்காக சந்தோசமா செய்யுற காரியம். நான் சொல்ல வேண்டாம், இந்தம்மாவோட சொந்தத் தங்கச்சியே எழுதியிருக்காங்க." கடைசிப் பத்தியை மலையாளத்தில் வாசித்தான். நன்றாக வாசித்தான். சிரிப்பு வருகிற இடத்தில் அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "இப்படி ஒரு மனசு உள்ள ஆளுங்க. இப்ப ஒம்பது மாசம் ஒரு வீட்டுக்கு விட்டுக் கொடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. வீடு இல்லாம புது ஆளுங்களை எங்க வைக்குறது?"

பின்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "டீச்சரே, இது நீங்க எழுதினது தானே?"

"ஆமா மேடம்."

"நடந்ததா?"

ஆனந்தி தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குள் ராமுத்தாய் பேசிவிட்டாள்.

"நான் சொல்லலாமா மேடம்? அந்தக் கதையை நானும் வாசிச்சிருக்கேன். நல்லாத்தான் எழுதியிருக்கா எந்தங்கச்சி. மழை பேஞ்சது நெசம். மல்லிப்பூ பொய், எங்க மலையில மல்லி எங்க வருது? ஆனா நான் அன்னைக்குச் சிரிக்கல மேடம்."

பின்சி பேனாவைக் கீழே வைத்தாள்.

"பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு இருந்தேன். பேர் குடுத்து ஒம்பதாம் நாள் ரிசல்ட் வந்துச்சு. பாஸு. கணக்குல எம்பத்தொண்ணு. பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. டீச்சர் புக்கை மலைக்கே கொண்டாந்து குடுத்தாங்க. நான் கொழுந்துக் கையோட வாங்குனேன், கறை பட்டுச்சுன்னு அவங்க கூட வருத்தப்பட்டாங்க. இவ சின்னப்புள்ள, இவளுக்கு என்ன தெரியும்? நான் கையாட்டுனது, வீட்டுக்குள்ள போடி, மழையில நனையாதன்னுதான்."

சோனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் இதை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஆனந்தி. "அந்த புக்கை நான் பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

ராமுத்தாய் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

பின்சி ஃபைலை மூடினாள். "கதை எனக்கு வேண்டா டீச்சரே. காரியம் எழுதித் தாங்க. பேர் குடுக்கறது எப்படி நடக்குது, அது மட்டும். மூணு மணிக்கு எனக்கு வேற மீட்டிங் உண்டு. ரெண்டரைக்குள்ள தரணும்."

அப்போது மணி பன்னிரண்டேகால். ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நான்கு பேரும் போய் உட்கார்ந்தார்கள். வேல்முருகன் பால் விடாத சுலைமானி டீ நான்கும் ஒரு தட்டு பருப்பு வடையும் சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து கோடு போடாத வெள்ளைத் தாள்களை எடுத்து ஆனந்தியின் முன் வைத்தார்.

இருபத்திரண்டு வருடம் எழுதிப் பழகிய கை தாளைக் கண்டதும் தன்போக்கில் ஓடியது. வேல்முருகன் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: "'விடாது மழை பெய்துகொண்டிருந்த ஆனி மாதக் காலையொன்றில்...' டீச்சர், மனுவுல மழை எதுக்கு? மழை பேஞ்சா வீடு குடுப்பானா? கூரை ஒழுகுதுன்னு நெனச்சு ரிப்பேர் ஃபைல்லதான் சேத்துருவாங்க."

சோனா வடையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனந்திக்கும் சிரிப்பு வந்தது. அடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். எங்கள் குடும்பம் கம்பெனிக்கு என்றென்றும் நன்றியுடையது என்று எழுதினாள்.

"கம்பெனிக்கு எதுக்குடி நன்றி?" என்றாள் ராமுத்தாய். "நாப்பது வருசம் கொழுந்து எடுத்துக் குடுத்தேன். அதுக்குக் கூலி குடுத்தான். நீ நன்றி சொல்றதா இருந்தா எனக்குச் சொல்லு."

"ஒனக்குத்தான்க்கா நான் அந்தக் கதையையே..."

"தெரியும். இப்ப வேலையைப் பாரு."

மூன்றாவது தாளை எடுத்தபோது ஆனந்திக்கு ஒன்று புரிந்தது. ஒரு காரணத்தைக் கதைக்குள் மறைத்து வைத்தால் வாசகர் அதைத் தேடிக்கொண்டு வருவார்; அந்தத் தேடல்தான் கதையின் சுகம். மனுவில் மறைத்தால் அதிகாரி அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார். மனுவில் எல்லாமே வெளிச்சத்தில் கிடக்க வேண்டும்: யார், எப்போது, எதனால், இப்போது என்ன வேண்டும். எது எதை இழுக்கிறது என்பது தெரிய வேண்டும்.

"சித்தி, நான் ஒண்ணு வரையட்டா?" என்று சோனா பேனாவை வாங்கினாள். "சித்தப்பா கிணத்துல மோட்டார் ஸ்டார்ட்டர் இருக்குல்ல? பச்சை பட்டனை ஒரு தடவை அமுக்கிட்டு விரலை எடுத்துர்றோம். ஆனா மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. ஏன் சொல்லுங்க?"

"கரண்டு வருது, ஓடுது" என்றார் வேல்முருகன்.

"இல்ல மாமா. உள்ள கம்பியைச் சுத்தி வச்ச ஒரு காயில் இருக்கு. பட்டனை அமுக்குனதும் அதுல கரண்டு பாஞ்சு, காந்தமாகி, ஒரு பட்டையை இழுத்துப் புடிக்கும். மோட்டார் ஓடும். அதே பட்டையில சின்னதா இன்னொரு தொடுப்பு இருக்கு. அது காயிலுக்கே திரும்பக் கரண்டைக் குடுக்கும். காயில் தன்னைத்தானே புடிச்சுக்கும். அப்புறம் விரலே வேண்டாம்." அவள் தாளில் நான்கு பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டாள். வேலை இருந்தால் பேர். பேர் இருந்தால் வீடு. வீடு வேண்டுமென்றால் ஒரு பிள்ளை. பிள்ளை வந்தால் வேலை. நான்காவது அம்பு சுற்றி வந்து முதல் பெட்டியில் குத்தியது. "யாரோ நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவை பட்டனை அமுக்கியிருக்காங்க. இப்ப யாரும் அமுக்க வேண்டாம். கம்பெனி கட்டாயப்படுத்தலைன்னு அந்த சார் சொன்னது நெசம்தான். விரலே வேண்டாமே."

ஆனந்தி அந்தப் படத்தையே பார்த்தாள். நாற்பது வருடமாகத் தான் ஒரு முகமாக, ஒரு சிரிப்பாக நினைத்திருந்தது நான்கு பெட்டியாகத் தாளில் கிடந்தது.

"அக்கா, நம்ம லயத்துல எட்டு வீடு. மத்த வீட்டுல யார் யார் பேர் குடுத்தா?"

ராமுத்தாய்க்குக் காகிதம் தேவைப்படவில்லை. விரலை மடக்கினாள். முதல் வீட்டில் மூத்தவன், பிளஸ் டூ பாதியில். இரண்டாம் வீட்டில் மருமகள், நர்சிங் சீட் கிடைத்த வருடம். மூன்றாவது இவர்கள் வீடு. நான்காவதில் ஐ.டி.ஐ. படித்த பையன், கடைசி செமஸ்டர் எழுதவில்லை. ஐந்தாவதில் ஒரு பெண், பத்து முடித்த கையோடு. ஆறாவது வீட்டில் மட்டும் வட இந்தியாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம். ஏழாவது, எட்டாவதில் மறுபடி பிளஸ் டூ, பிளஸ் டூ.

"எட்டுல ஏழு" என்றாள் ஆனந்தி மெதுவாக. "ஏழு வீட்டுலயும் ஒரே மாதிரிப் பாசம், படிக்கிற வயசுலயே வருமா?"

"அதை எழுதுங்க டீச்சர்!" வேல்முருகன் மேசையைத் தட்டியதில் டீ ததும்பியது. "இத்தனை வருசம் மனு எழுதுறேன், எனக்குத் தோணலையே. நான் 'கருணை கூர்ந்து'ன்னு தொடங்கி 'கருணை கூர்ந்து'ன்னுதான் முடிப்பேன்."

அதன் பிறகு வேகமாக ஓடியது. சின்னச் சின்ன வாக்கியங்கள். ராமுத்தாய் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இடுப்பு ஒடிஞ்சது மே மாசம், ஜூன் இல்ல." "அப்பா உசுரோட இருந்தாரு, ஆனா அவரு பேரு டெம்பரரியில, வீடு கெடைக்காது, அதையும் போடு." ஓரிடத்தில் ஆனந்தி, பேர் கொடுக்கும்போது மனுதாரருக்கு வயது பதினாறு என்று எழுதினாள்.

வேல்முருகன் துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, அதைப் போட்டுறாதீங்க! பதினெட்டு ஆனாத்தான் பேர் ஏறும்னு அப்ப கூட்டிப் போட்டிருக்காங்க. பதிவேட்டுல ஒங்கக்காவுக்கு இப்ப அம்பத்தெட்டு."

"அப்ப நெசமா அம்பத்தாறா?" என்றாள் சோனா. "அம்மா, ரெண்டு வருசம் முன்னாடியே ஒன்னை அனுப்புறாங்களா?"

"சும்மா இரு புள்ள. முடி நரைச்சதுக்கு அந்த ரெண்டு வருசத்தையும் சேத்துக்கிட்டேன்" என்றாள் ராமுத்தாய். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியை ஆனந்தி அடித்தாள். ஆனால் அடித்ததை மறக்கக் கூடாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

மனு இரண்டு பக்கத்தில் முடிந்தது. கடைசியில் கேட்டது இரண்டுதான். மகளின் இறுதித் தேர்வு முடியும் மே மாதம் வரை வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுச் சாவிக்கும் பணிக்கொடைக்கும் முடிச்சுப் போடக் கூடாது. சோனாவின் படம் மூன்றாம் பக்கமாகச் சேர்ந்தது.

இரண்டு இருபதுக்குப் பின்சி அதை வாங்கினாள். முதலில் வேகமாக வாசித்தாள். பிறகு விரலை வரிவரியாக வைத்து மறுபடி வாசித்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஜோமோனே, எட்டில் ஏழு. இது பாசமோ, ஏற்பாடோ?"

ஜோமோன் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மெல்லச் சிவந்தது. "ஒரு நிமிசம் மேடம்" என்று செல்போனோடு வெளியே போனான். ஒரு நிமிடம் இருபது நிமிடமாயிற்று. ஜன்னல் வழியாக அவன் நடப்பதும் நிற்பதும் கையை விரிப்பதும் தெரிந்தது. ராமுத்தாய் மடியில் கையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொழுந்துக் கறை படிந்த பெருவிரல் மட்டும் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. சோனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்து, "மே முப்பத்தொண்ணு வரைக்கும் மேனேஜர் சம்மதிச்சாரு" என்றான். "ஆனா இது முன்மாதிரி ஆகாதுன்னு எழுதணும்."

"அதைத்தான் மொதல்ல எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் வேல்முருகன்.

பணிக்கொடை விஷயம் தன் அதிகாரத்துக்கு மேலே இருக்கிறது என்றும், இந்த மூன்று பக்கத்தையும் சேர்த்து மேலே அனுப்புவதாகவும், எப்போது பதில் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் பின்சி சொன்னாள். கையெழுத்துகள் ஆயின. மூன்று மணி மீட்டிங்குக்காக வெளியே ஆட்கள் நின்றார்கள்.

வராந்தாவில் ஜோமோன் ஆனந்தியின் பக்கத்தில் வந்தான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கதை எனக்கு அவ்வளவு இஷ்டம். எங்கம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டியிருக்கேன்."

"ஒங்களுக்கு நான் நன்றிதான் சொல்லணும் சார்" என்றாள் ஆனந்தி. அதில் குத்தல் எதுவும் இல்லை. "நீங்க இன்னைக்கு அதை வாசிக்கலைன்னா எங்கக்கா சாகுற வரைக்கும் இதைச் சொல்லியிருக்க மாட்டா. நானும் கேட்டிருக்க மாட்டேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சோனாவும் வேல்முருகனும் முன்னால் போனார்கள். சோனா அன்றே மறையூர் வரை போய், காலையில் பாலக்காடு சேர்ந்து, மத்தியான லேபைப் பிடிப்பதாகச் சொல்லிவிட்டாள். மூன்று பைகளையும் அடுத்த வாரம் யாராவது கொண்டு வரட்டும்.

"அக்கா" என்றாள் ஆனந்தி. "என்னை மன்னிச்சுரு."

"எதுக்கு?"

"நீ சிரிச்சேன்னு எழுதுனதுக்கு."

ராமுத்தாய் ஒரு லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். "மொதத் தடவை வாசிச்சப்ப ஒரு வாரம் ஒங்கூடப் பேசலல்ல? போன் ரிப்பேருன்னு சொன்னேனே. அப்பக் கோவம்தான். அப்புறம் நெனச்சேன், இவ ஆறு வயசுல என்னைப் பாத்திருக்கா, அவ கண்ணுக்கு நான் சிரிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கேன். அதுவாச்சும் இருக்கட்டும்னு. நீ படிச்சது எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்ல புள்ள. நான் படிக்காததுதான் வருத்தம். ரெண்டும் வேற வேற. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கட்டிட்ட."

ஆனந்திக்குக் கண் நிறைந்தது. இத்தனை வருடம் தன் நன்றி அக்காவைக் கொஞ்சம் பேசவிடாமல் வைத்திருந்தது என்று தோன்றியது. ஆனாலும் நன்றி குறையவில்லை. அது, உட்கார வைத்திருந்த இடத்திலிருந்து எழுந்து, கை கால் முளைத்து, அக்காவின் பக்கத்தில் நடந்து வருவது போல இருந்தது.

கதை எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று ஆனந்தி பிறகும் எங்கேயும் அறிவிக்கவில்லை. பதினெட்டாம் அத்தியாயம் பதினெட்டாம் அத்தியாயமாகவே நின்றது. கோயம்புத்தூர்ப் பதிப்பாளர் மூன்று தடவை போன் செய்து பார்த்துவிட்டு ஓய்ந்தார். அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அந்த மூன்று பக்க மனு ஜெராக்ஸ் ஜெராக்ஸாகப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போயிற்று. வீடு, நிலம், வயது, படிப்பு ஆகியவை ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அவள் எழுதிய கட்டுரைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் கூட்டங்களில் வாசித்தார்கள். வேலை முடிந்தவருக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்பதைத் தயவாகக் கேட்காமல் உரிமையாகக் கேட்கும் எந்த மேடைக்குக் கூப்பிட்டாலும் போனாள். பணிக்கொடைக் கேள்விக்கு மேலேயிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை அவள் நினைவூட்டிக் கடிதம் போடுகிறாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பஸ் ஸ்டாண்டில் சோனாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, பஸ் வளைவில் மறையும்வரை நின்றார்கள்.

"நீ எப்ப கெளம்புற?" என்றாள் ராமுத்தாய்.

"நாளைக்குக் காலையில."

"காலையில வேணாம். பாக்டரியில சுருளிவேல் அண்ணனுக்கு மார்ச்சுல முடியுது. மகன் பாலிடெக்னிக் சேந்து ஒரு மாசம்தான் ஆகுது. எட்டாம் நம்பர் லயத்துலயும் ரெண்டு பேருக்கு முடியுது. வேல்முருகன் அதுக்குள்ள போன்ல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. சாயங்காலம் வீட்டுக்கு வருவாங்க."

"என்கிட்ட பேப்பர் இல்லையேக்கா."

"வாங்கிட்டுப் போவோம்" என்று ராமுத்தாய் ரோட்டைக் கடந்து ஸ்டேஷனரிக் கடைப் பக்கம் திரும்பினாள். "கோடு போட்டதா வாங்கு. ஒன் எழுத்து மேல மேல ஏறிக்கிட்டே போகுது, அந்த மேடம் பாவம், தலையைச் சாச்சுச் சாச்சு வாசிச்சுச்சு."

ஆனந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். ஒரு குயர் கோடு போட்ட தாளும் இரண்டு பேனாவும் கேட்டாள்.